மாடியா, கொல்லையா, காலி மனையா, உழவர் சந்தையா? காய்கறிச் செலவைக் குறைக்க யாருக்கு எது சரி

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற மாதம் அது. அப்போதிலிருந்து, விலை ஏறும் ஒவ்வொரு முறையும் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் என் மாடிக்கு வந்து செடிப் பைகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் எதிர்வீட்டுத் தங்கச்சி வந்தாள்.

"அக்கா, நானும் மாடியில நாலு பை வைக்கலாம்னு இருக்கேன். இல்ல, மூலையில கிடக்கே அந்தக் காலி மனை, அதக் கேட்டுப் பார்க்கவா? எது லாபம்?"

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறோம். ஒன்பது வருடமாக மாடியிலும், ஆறு வருடமாகக் கொல்லையிலும் பயிர் வைக்கிறேன். நடுவில் இரண்டு வருடம் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு காலி மனையிலும் பாடுபட்டோம். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்

லாபம் என்று கேட்டால் எல்லோரும் காசைத்தான் கணக்குப் பார்க்கிறோம். காசு முக்கியம்தான். முதல் வருடம் கையிலிருந்து எவ்வளவு போகும், அது எப்போது திரும்பும் என்று பார்க்க வேண்டும். ஆனால் தோட்டத்தைக் கைவிட்ட வீடுகளைப் பார்த்தால், காசு இல்லாமல் விட்டவர்கள் குறைவு. கோடையில் தண்ணீர் இல்லாமல் விட்டார்கள். கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்து, கருகிக் கிடந்த செடிகளைப் பார்த்து மனசு விட்டுப் போனார்கள். வீடு மாறினார்கள்.

ஆகவே நான் ஐந்தைப் பார்க்கச் சொல்வேன்: முதல் செலவு, சித்திரை, வைகாசியில் தினமும் கிடைக்கும் தண்ணீர், தினமும் அரை மணி நேரம் யார் கொடுப்பார்கள் என்பது, இடம் எத்தனை வருடம் நம் கையில் இருக்கும் என்பது, ஐந்தாவதாக மண். வருடா வருடம் மண் வளமாகிக்கொண்டே போகிறதா, அல்லது ஒவ்வொரு வருடமும் நாமே காசு கொடுத்து வளத்தை வாங்கிப் போட வேண்டியிருக்கிறதா? இந்த ஐந்தாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

## எந்த வழியானாலும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று

தக்காளி விலை ஏறியதற்காகத் தக்காளி வைக்காதீர்கள்.

பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். ஆனி, ஆடியில் சந்தையில் தக்காளி குறைவதற்குக் கோடை வெயிலும் ஒரு காரணம். அந்த வெயில் தக்காளி விளையும் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் அடிப்பதைவிட உங்கள் மொட்டை மாடியில் அதிகமாகவே அடிக்கும். சந்தையில் வரத்து குறையும் மாதத்தில் உங்கள் செடியும் சும்மாதான் நிற்கும். தை, மாசியில் உங்கள் செடி கொத்துக் கொத்தாகக் காய்க்கும்போது கடையிலும் தக்காளி மலிந்து கிடக்கும். முருங்கைக்காயும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் ஒரு காய்க்குக் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டு மலைத்துப்போய்க் கொல்லைக்கு வந்தால், நம் மரத்திலும் காய் இருக்காது. ஆனால் கீரை இருக்கும்.

வெங்காயம், உருளைக்கிழங்கை வீட்டுத் தோட்டத்தில் நினைக்கவே வேண்டாம். இடம் போதாது.

வீட்டுப் பயிர் காசை மிச்சப்படுத்துவது, தினமும் சின்னச் சின்னதாக வாங்கி, பாதியை வாடவிட்டு எறிகிற சாமான்களில்தான். கீரை, கருவேப்பிலை, பச்சை மிளகாய், புதினா, மணத்தக்காளி, சுண்டைக்காய். அடுத்து வெயிலைத் தாங்கும் கத்தரி, வெண்டை, கொத்தவரை. சிறுகீரை விதைத்து இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். ஒரு பொன்னாங்கண்ணிக் கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு தண்டை ஊன்றினால் அடுத்த கட்டு நம் வீட்டிலேயே வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## மாடித் தோட்டம்

நான் செடி வளர்க்கும் பை (குரோபேக்) இருபதுடன் தொடங்கினேன். பை, தென்னை நார்க் கழிவுக் கட்டி, மண்புழு உரம், செம்மண், விதை, நிழல்வலை எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய்க்கு மேல் போனது. அந்த வருடம் பறித்த ஒவ்வொன்றையும் எடை போட்டு, அன்றைய கடை விலையில் நோட்டில் எழுதி வந்தேன். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 3,500 ரூபாயைத் தொடவில்லை. இரண்டாம் வருடம் செலவு ஆயிரத்துக்குள் நின்றது, காய் நாலாயிரத்துக்கு வந்தது. தக்காளியைக் குறைத்துக் கீரையைக் கூட்டியதுதான் அந்த வருடம் நான் செய்த ஒரே மாற்றம். தோட்டக்கலைத் துறை பை, நார்க்கட்டி, விதை அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுக்கிறது. கிடைத்தால் முதல் செலவில் நல்ல பங்கு குறையும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு பைக்குக் கோடையில் தினமும் ஒன்றரை லிட்டர். இருபது பைக்கு 30 லிட்டர், அதாவது இரண்டு குடம். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் அந்த இரண்டு குடம் ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது. நிலத்துச் செடியின் வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போகும். பைச் செடிக்குப் போக இடமில்லை. மோட்டார் வைத்து ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினமும் அரை மணி கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் கூடும். முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு இது ஒன்றுமில்லை. 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீட்டில் கட்டணப் படியே மாறிவிடும்.

மறைந்திருக்கும் செலவு கீழே, தளத்தில் இருக்கிறது. மூன்றாம் வருட ஐப்பசி மழையில் என் மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் கையை விட்டுப் பார்த்தேன். பைகளிலிருந்து கரைந்து வந்த நார்க் கழிவு, பழுத்த இலைகளோடு சேர்ந்து பஞ்சு மெத்தை மாதிரி அடைத்துக் கிடந்தது. வடிந்த பிறகு ஒரு கத்தரிப் பையை நகர்த்தினேன். பையின் அடி ஓட்டையிலிருந்து வெள்ளை வேர் ஒன்று வெளியே வந்து, தட்டோட்டின் இடுக்கில் ஒரு விரல் நீளம் நுழைந்திருந்தது. அன்றைக்கே செங்கல் அடுக்கிப் பைகளைத் தூக்கி வைத்தேன். பை தரையைத் தொடவே கூடாது, அடியில் காற்றும் துடைப்பமும் போய்வர வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானதிலிருந்து பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழாய் கீழே சேகரிப்புத் தொட்டிக்குத்தான் போகிறது. வாயில் ஒரு கம்பிவலை போடாவிட்டால் தொட்டியும் சேர்ந்து அடைபடும்.

எடையையும் பாருங்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். செம்மண் அதிகம் போட்டு நனைந்த பெரிய பை ஒன்றே 30 கிலோ வரும். சதுர மீட்டருக்கு ஐந்து பை வைத்தால் கணக்கு முடிந்தது. நாம் நிற்கக்கூட மிச்சமில்லை. நார்க் கழிவையும் மக்கிய உரத்தையும் கூட்டி, பைகளைச் சுவர் ஓரமாகப் பரவலாக வைப்பதுதான் வழி. பழைய வீடு, ஏற்கெனவே கசிவு உள்ள தளம் என்றால் மாடித் தோட்டம் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை தளம் பழுது பார்க்கும் காசுக்குப் பத்து வருடம் கீரை வாங்கலாம்.

மண் விஷயத்திலும் மாடிக்கு மதிப்பெண் குறைவு. பையில் இருப்பது நாம் போட்டதுதான், தானாக எதுவும் ஊறி வராது. வருடத்துக்கு ஒரு தடவை கொட்டி, வெயிலில் காயவைத்து, மக்கிய உரம் கலந்து நிரப்ப வேண்டும். சமையல் கழிவை வீட்டிலேயே மக்கவைத்தால் அந்தச் செலவு மிச்சம். வாங்கியே போட்டால் கணக்கு என்றைக்கும் தேறாது.

சொந்த வீடு, நல்ல தளம், கிணறோ போரோ வற்றாத இடம், காலையில் ஒருவர் வீட்டில் இருப்பது என்ற நான்கும் இருந்தால் மாடி நல்லது. நாய், ஆடு தொல்லை கிடையாது. சமைக்கப் போகும்போது படியேறிப் பறித்துவரலாம்.

## கொல்லை

வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி மண் தரை இருக்கிறதா? மேலே சொன்ன எதையும் யோசிக்காமல் அங்கே தொடங்குங்கள்.

எத்தனையோ வீடுகளில் "சுத்தமா இருக்கட்டும்" என்று கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டு மூடிவிட்டு, மாடியில் பை வாங்கி மண் நிரப்புகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சலாக இருக்கும். நாலு இடத்தில் மூன்றடி சதுரத்துக்கு அந்தச் சிமெண்டை உடைத்தாலே போதும். ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை, ஒரு பப்பாளி, துணி துவைக்கிற கல்லுக்கு எட்டமாக, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வழியில் ஒரு வாழை. கன்றுக்கு ஆகும் செலவு இருநூறு ரூபாய்ச் சில்லறை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம் 1 முருங்கையை விதை போட்டால் ஆறாம் மாதம் காய்க்கும், மரத்துக்கு வருடம் 200 காய்க்கு மேல் வரும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். நாலு பேர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு நாள் கீரை, ஒரு நாள் காய், ஒரு நாள் வாழைத்தண்டோ பூவோ இந்த நாலு மரத்திலிருந்தே வந்துவிடும்.

நேரமும் மாடியைவிடக் குறைவு. முதல் வருடம் வேர் பிடித்துவிட்டால் வாரம் இரண்டு தண்ணீர் போதும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டால் மண்ணும் வருடா வருடம் கருத்து, பொலபொலப்பாகிக்கொண்டே வரும்.

குறை இரண்டு. முருங்கையில் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாசல் பக்கம் வைக்கக் கூடாது. அதன் கிளை காற்றுக்கு முறியும், ஆகவே மின்கம்பிக்கு அடியிலும் வேண்டாம்.

## நாலு வீடு சேர்ந்து காலி மனை

இதில்தான் என் ஆசை அதிகம், அடி பட்டதும் இதில்தான்.

மூன்று சென்ட் மனை. சொந்தக்காரர் வெளியூர். முள்ளும் குப்பையுமாகக் கிடந்ததைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்றதும் சந்தோஷமாகச் சரி சொன்னார். மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாண் ஆழத்துக்கு வெறும் செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, பான்பராக் உறை. மனை பிரிக்கும்போது கொட்டி மேடேற்றிய கிராவல் அதற்கும் கீழே. நாலு வீட்டு ஆட்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை பொறுக்கினோம். பிறகு இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பைச் செய்தோம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பொருள், பசுந்தாள் உரச் செடி என ஐந்து வகையிலும் நாலு நாலு விதை கலந்து தூவி, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதோம். ஐம்பது நாள் காயே இல்லாமல் காத்திருக்க வேண்டும். கூட இருந்தவர்களில் ஒருவருக்கு அதுவே பொறுக்கவில்லை, "யூரியாவைப் போட்டா பத்து நாள்ல பச்சையாயிரும்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மறுபக்கத்து அவசரமும் தப்புதான் என்பதை இலங்கை 2021இல் பார்த்தது. ரசாயன உர இறக்குமதியை மே மாதம் திடீரென்று நிறுத்தினார்கள், விளைச்சல் சரிந்து, நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. உரத்துக்குப் பழகிய மண் திரும்புவதற்கு வருடங்கள் வேண்டும். அதற்குத் தயாராக இல்லாத இடத்தில் இயற்கை வேளாண்மையின் பெயர்தான் கெடும்.

ஆடிப் பட்டத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, வேலியில் அவரையும் பீர்க்கும் போட்டோம். வேலி என்றால் கம்பு நட்டுப் பழைய சேலைகளைச் சுற்றியதுதான். ஆடு அதற்கு அடங்கியது, யானைமலைப் பக்கமிருந்து வரும் மயில் அடங்கவில்லை. புரட்டாசியில் தொடங்கி தை வரை நாலு வீட்டுக்கும் காய் வாங்கவே இல்லை என்று சொல்லலாம். வீட்டுக்கு ஆன செலவு 1,200 ரூபாய்தான். காசுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வருடம், கத்தரி பிஞ்சு விட்டிருந்த நேரத்தில், சொந்தக்காரர் வந்து வீடு கட்ட வானம் தோண்டப் போகிறோம் என்றார். அவர்மேல் தப்பு இல்லை, அவர் மனை. ஆனால் இரண்டு வருடம் நாங்கள் ஆக்கிய அந்த மண்ணை ஜேசிபி ஒரு காலைப் பொழுதில் அள்ளி லாரியில் போட்டது. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன். வாய்வார்த்தையில் தொடங்காதீர்கள். கட்டடம் தொடங்குவதற்கு நாலு மாதம் முன்பே சொல்லவேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மரம் வைக்காதீர்கள், சொந்தக்காரருக்கும் பயம் வரும். முள்கம்பி வேலி, போர் என்று பணத்தைப் புதைக்காதீர்கள். தண்ணீர் யார் வீட்டிலிருந்து, மோட்டார் கரண்ட் யார் கணக்கில் என்பதை முதல் நாளே பேசுங்கள். எங்களுக்குள் வந்த ஒரே மனக்கசப்பு அதில்தான் வந்தது. பக்கத்தில் சாக்கடை ஓடினால் அந்தத் தண்ணீரைக் கீரைக்குத் தொடவே தொடாதீர்கள்.

## வளர்க்காமல் உழவர் சந்தையில் வாங்குவது

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் நேராக விற்கிறார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே அன்றாட விலை எழுதிப் போடுவார்கள். வாரம் ஒரு தடவை காலை ஆறு மணிக்குப் போய் வருகிறவருக்குத் தள்ளுவண்டி விலையோடு பார்த்தால் நிச்சயம் மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு பெட்ரோலும் ஆசையும். பத்துக் கிலோமீட்டர் வண்டியில் போய், மலிவாக இருக்கிறதே என்று பை நிறைய வாங்கி, வியாழக்கிழமை அழுகியதை எறிந்தால் மிச்சம் எங்கே? பக்கத்து வீட்டோடு முறை வைத்து, ஒருவர் இரண்டு வீட்டுக்கும் வாங்கி வரலாம்.

விலையேற்றத்துக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த வழியும் இதோடு சேர்ந்ததுதான். மாசி, பங்குனியில் காய் மலிந்திருக்கும்போது வாங்கி வற்றல் போட்டு வைத்தார்கள். கொத்தவரை, கத்தரி, சுண்டை, மிதுக்கு, மோர் மிளகாய். தக்காளி பத்து ரூபாய்க்கு வரும்போது ஐந்து கிலோ வாங்கித் தொக்குக் கிளறி வைத்தால் ஆடி மாதத்துக் குழம்புக்கு அது போதும். பை, மண், தண்ணீர் எதுவும் வேண்டாத இந்த வேலைக்கு நம் ஊர் வெயில் ஒன்றே முதலீடு.

மண்ணில்லாமல் குழாயில் தண்ணீர் ஓடவிட்டு வளர்க்கும் முறையையும் சிலர் கேட்கிறார்கள். பம்ப் எந்நேரமும் ஓட வேண்டும், உரக் கரைசலை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காய்கறிச் செலவைக் குறைக்க நினைக்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மாடி (20 பை) | கொல்லை | காலி மனை (நாலு வீடு) | உழவர் சந்தை |
|---|---|---|---|---|
| முதல் செலவு | 6,000 ரூபாய்க்கு மேல் | சில நூறு | வீட்டுக்கு 1,200 ரூபாய் | இல்லை |
| காசு திரும்ப | இரண்டாம் வருடம் | முதல் காய்ப்பிலேயே | முதல் பட்டத்திலேயே | அந்த வாரமே |
| கோடைத் தண்ணீர் | தினமும், தப்பவே கூடாது | வாரம் இரண்டு முறை | ஒருநாள் விட்டு ஒருநாள் | இல்லை |
| ஆள் நேரம் | தினமும் அரை மணி | மிகக் குறைவு | வீட்டுக்கு வாரம் இரண்டு முறை | வாரம் ஒரு காலை |
| மண் | நாமே ஊட்ட வேண்டும் | தானே வளரும் | வளரும், ஆனால் நமக்கு நிலைக்காது | இல்லை |
| மறைந்த செலவு | தளம், குழாய் அடைப்பு | கம்பளிப்பூச்சி, முறியும் கிளை | திடீரென்று காலி செய்வது, மனக்கசப்பு | பெட்ரோல், அழுகல் |

## எதிர்வீட்டுக்கு என்ன சொன்னேன்

அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், இரண்டாம் மாடி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். குடிநீர் வண்டி வந்தால்தான் தண்ணீர். இருபது பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பால்கனியில் காலை வெயில் விழும் இடத்தில் பழைய பெயிண்ட் வாளி ஆறு. அதில் பொன்னாங்கண்ணி இரண்டு, புதினா ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, கருவேப்பிலை ஒன்று. அரிசி கழுவின தண்ணீரே அதற்குப் போதும். மற்றதெல்லாம் சனிக்கிழமை உழவர் சந்தையில்.

"அப்போ அந்தக் காலி மனை?" என்றாள்.

சொந்தக்காரரிடம் பேசத் துணைக்கு நான் வருகிறேன் என்றேன். இந்தத் தடவை தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போகிறோம். ஆடி பிறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இப்போது பலதானியம் தூவினால் மடக்கி உழச் சரியாக இருக்கும்.